வீட்டில் பேசுவது போல

ஜாக்மெல்
மார்ச் 9, 2015

தங்கை இவ்ரோஸுக்கு,

இறைவன் புண்ணியத்தில் நான் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறேன். மூட்டு வலி மழைக்கு முன்னால் வந்து மழையோடு போய்விடுகிறது. நீயும் கெர்வென்ஸும் நலம்தானே?

நீ கொடுத்தனுப்பிய தைலமும் காலுறைகளும் மதாம் செசிலியா கையால் வந்து சேர்ந்தன. நன்றி. அவர் மயாமியிலிருந்து சரக்கு மட்டும் கொண்டு வருபவர் அல்லர் என்பது உனக்குத் தெரியும். சந்தையில், பத்துப் பேர் காதில் விழும்படி, “என்ன எழுத்தர் ஐயா, மருமகன் பட்டாளத்துக்குப் போறானாமே! அடுத்த தடவை ஹெலிகாப்டர்ல வந்து இறங்குவான், கூரையைப் பிடிச்சுக்குங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எதுவும் தெரியாததால் நானும் சிரித்தேன்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே வரிசையாகக் கேட்கிறேன். முதலாவது, இது உண்மையா? இரண்டாவது, எந்த நாட்டுப் பட்டாளம்? மூன்றாவது, நான்கு வயதிலிருந்து பதினான்கு வயது வரை அவனை வளர்த்தவன், இதைத் துணி விற்பவரின் வாயிலிருந்து ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

நிலநடுக்கத்துக்குப் பின் நீ அவனை அழைத்துப் போனபோது, படிக்க வைப்பதற்காக என்றாய். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அண்ணன்
எவ்ரார்


வட மயாமி
ஏப்ரல் 5, 2015

அண்ணா,

நாங்க ரெண்டு பேரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கறேன். இன்னிக்கு ஈஸ்டர். முதியோர் இல்லத்துல எனக்கு ரெண்டு ஷிஃப்ட். ஒரு கிழவிக்குச் சூப் ஊட்டிட்டு, அவ தூங்கற நேரத்துல இதை எழுதறேன். பேசற மாதிரிதான் எழுதுவேன், சிவப்பு மை எடுத்துத் திருத்தாதீங்க.

வரிசையாவே பதில் சொல்றேன். ஒண்ணு, நிஜம்தான். ரெண்டு, அமெரிக்கப் பட்டாளம். வேற எந்தப் பட்டாளம் எங்களைக் கூப்பிடுது? மூணு, உங்ககிட்ட சொன்னா இப்படி ஒரு கடிதம் வரும்னுதான் சொல்லலை.

இப்போ நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நிலநடுக்கத்துக்கு அப்புறம் எங்களுக்குக் குடுத்தது தற்காலிக அனுமதி. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டறாங்க. நீட்டினா இருக்கலாம், நிறுத்தினா மூட்டை கட்டணும். இதை வெச்சுக்கிட்டு இன்னும் ஐம்பது வருஷம் ஆனாலும் நிரந்தரம் கிடையாது. இந்த அனுமதியில இருக்கற பையன்களைப் பட்டாளத்துல வாசலோட திருப்பிடுவாங்க. ஆனா இப்போ ஒரு சந்து திறந்திருக்கு. அவங்களுக்கு வேணுங்கற பாஷை தெரிஞ்சவங்களை மட்டும் எடுக்கறாங்க. பயிற்சி முடியறப்பவே குடியுரிமை. அந்தப் பட்டியல்ல நம்ம ஊர்ப் பேச்சு க்ரெயோல் இருக்கு. பிரெஞ்சும் இருக்கு, ஆனா அது ஆப்பிரிக்காக்காரங்களுக்குத்தான், நமக்குச் செல்லாது. நல்லாக் கேட்டுட்டேன்.

போன்ல ஒருத்தர் க்ரெயோல்ல பேசிப் பார்த்து மதிப்பெண் போடுவாங்களாம். நீங்க பிரம்பால அடிச்சு அவன் வாயிலேருந்து பிடுங்கிப் போட்ட அதே பாஷை. நான் அதுல பேசினா இன்னிக்கும் அவன் பிரெஞ்சுல பதில் சொல்றான், மேல் மாடிக்கு வாடகைக்கு வந்தவன் மாதிரி.

ஜூன்ல சோதனை. ஆசீர்வாதம் பண்ணுங்க, இல்லாட்டி வாயை மூடிக்கிட்டாவது இருங்க.

மூட்டுக்குத் தைலம் தடவறப்போ சூடு பண்ணித் தடவுங்க.

இவ்ரோஸ்


ஜாக்மெல்
ஏப்ரல் 28, 2015

தங்கைக்கு,

நலம். அங்கும் நலமே நிலவுக.

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்பது என் வழக்கம். இரண்டு நாள் போதவில்லை.

நம் அப்பாவைப் பற்றி நீ அதிகம் அறியமாட்டாய், நீ கடைக்குட்டி. அவருக்குப் பதினேழு வயதில் அந்த அமெரிக்கப் பட்டாளம் நம் நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. சாலை போட ஆள் பிடித்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, ஒருவனோடு ஒருவனைப் பிணைத்து, மலைக்கு ஓட்டிப் போனார்கள். அவர் ஆறடி உயரம். முன்னால் கட்டப்பட்டவன் குள்ளன். ஆகவே அவர் குனிந்தே நடந்தார். சாகும் வரை வாசல் படி ஏறும்போது குனிவார், நம் வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். அவருடைய பேரன் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதை நான் ஆசீர்வதிக்க வேண்டும் என்கிறாய். முடியாது.

க்ரெயோல் பற்றிச் சொன்னாய். நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் பதிவு எழுதியவன் நான். க்ரெயோலில் வாயைத் திறந்தவனை நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். தன் நிலத்தைத் தன் மொழியிலேயே இழந்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனாகக் கெர்வென்ஸ் ஆகக் கூடாது என்றுதான் பிரம்பை எடுத்தேன்.

சென்ற ஞாயிறு அவன் தொலைபேசியில் அழைத்தான். சோதனை செய்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

உப்பைக் குறை.

எவ்ரார்


வட மயாமி
ஜூன் 30, 2015

அண்ணா,

நான் சுகமில்லை. நீங்க எப்படி இருக்கீங்கன்னு இந்தத் தடவை கேக்கலை.

அவன் தோத்துட்டான்.

எப்படின்னு தெரியுமா? போன்ல ஒரு பொம்பளைக் குரல். வயசானவங்களாம், நம்ம தெற்குப் பக்கத்து இழுவை. “எப்படிப்பா இருக்கே, காலையில என்ன சாப்பிட்டே”ன்னு கேட்டிருக்காங்க. இவன் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து, “வணக்கம் அம்மையீர், தங்களுடைய அன்பான விசாரிப்புக்கு நன்றி”ன்னு பிரெஞ்சுல ஆரம்பிச்சிருக்கான். ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பின வாய் அப்புறம் இந்தப் பக்கம் வரலை. பாதி அது, பாதி இது. அந்தம்மா பாவம், மூணு தடவை சொன்னாங்களாம். “தம்பி, வீட்டுல பேசற மாதிரி பேசு.” இவன் அதை ஏதோ பொறின்னு நினைச்சுட்டான். கடைசியில, “அம்மையீர், எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசுவோம்”னுட்டான்.

அதோட முடிச்சுட்டாங்க.

நேத்து ராத்திரி சாப்பாட்டுல அவன் வாயிலேருந்து வந்துச்சு. “மாமாதான் சொன்னார். அதிகாரிகிட்ட க்ரெயோல்ல பேசினா மதிக்கமாட்டாங்க, பட்டியல்ல என்ன எழுதியிருந்தாலும் சரி, உன் வளர்ப்பைக் காட்டு, அதுக்குத்தான் மார்க் போடுவாங்கன்னார்.”

நான் உங்களுக்கு ஏப்ரல்லயே எழுதினேன். பிரெஞ்சு செல்லாதுன்னு எழுதினேன். அதைப் படிச்ச பிறகுதான் அவன்கிட்ட அப்படிச் சொன்னீங்க. இது மறதியா, திமிரா? ஒரே வரியில பதில் வேணும். உங்க நீதிமன்ற வாக்கியம் வேணாம்.

மறுபடி எழுத ஆறு மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள அந்தச் சந்து மூடிக்கிட்டா?

இவ்ரோஸ்


ஜாக்மெல்
ஜூலை 28, 2015

தங்கைக்கு,

உன் உடல்நலம் தேற வேண்டும் என்று விரும்புகிறேன். இதை உபசாரமாகச் சொல்லவில்லை.

ஒரே வரி கேட்டாய். மறதி இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

அந்த அமெரிக்கர்களின் கப்பல் நம் கடலில் வந்து நின்று இன்றோடு நூறு ஆண்டு ஆகிறது. வானொலியில் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஊர்வலத்துக்குப் போகவில்லை. கூட்டம் என்றால் எனக்குப் பயம். சுவரில் எழுதவும் மேடையில் பேசவும் என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை. என் கைக்கு எட்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன், ஒவ்வொரு நாளும் வேறு விடை வருகிறது. ஆனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் விடை இதுவரை வரவில்லை.

எல்லையின் அந்தப் பக்கம் தொமினிக்கன்காரர்கள் நம் ஆட்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாடற்றவனாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது என்று நீ எழுதப்போகிறாய். எழுத வேண்டாம். இங்கே அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அனுமதியை நிறுத்தினால் இங்கே வரட்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

எவ்ரார்


வட மயாமி
நவம்பர் 2, 2015

அண்ணா,

இன்னிக்குக் கல்லறைத் திருநாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏத்தினேன். உங்களுக்கும் ஒண்ணு ஏத்தலாமான்னு யோசிச்சேன்.

உங்க ஜூலைக் கடிதத்தை அவனே படிச்சுட்டான். மடிச்சு அதே உறையில வெச்சுட்டுப் போயிட்டான். அதைவிட அவன் கத்தியிருக்கலாம்.

இப்போ சனிக்கிழமை ஆனா முடிவெட்டற கடையில போய் உக்காந்துக்கறான். முழுக்க நம்ம ஊர் ஆளுங்க. முதல் நாள் இவன் வாயைத் திறந்ததுமே கடையே நின்னு போச்சாம். “வக்கீல் ஐயா வந்திருக்கார், எல்லாரும் எழுந்திருங்கடா”ன்னு ஒருத்தன். இன்னொருத்தன் கத்தரியை நெஞ்சுல வெச்சு வணங்கினானாம். இவன் கூசிப் போயிட்டான், ஆனா எழுந்து வரலை. போன வாரம் அங்க ஒருத்தனைத் திட்டியிருக்கான். க்ரெயோல்ல சரியாத் திட்டினானாம். கைதட்டினாங்களாம்.

நீங்க அவனுக்கு வீடு இருக்குன்னீங்க. பெத்தவ இங்க, மாமா அங்க. அவனுக்கு எது வீடுன்னு நீங்க தீர்ப்பு எழுத வேணாம். நீங்க எழுத்தர், நீதிபதி இல்லை.

காய்ச்சல் பரவுதாம் உங்க பக்கம். தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க.

இவ்ரோஸ்


வட மயாமி
ஜனவரி 17, 2016

மாமா,

நான் சுகம். நீங்க சுகமா?

இதைப் பார்த்ததும் உங்க முகம் எப்படிப் போகும்னு தெரியும். ஆமா, க்ரெயோல்லதான் எழுதறேன். உங்க வீட்டுல இருந்த பத்து வருஷத்துல உங்ககிட்ட இந்தப் பாஷையில ஒரு வார்த்தை பேசினதில்லை. தண்ணி வேணும்னாக்கூட மூணு வார்த்தை பிரெஞ்சுல யோசிச்சுட்டுத்தான் கேப்பேன். சில நாள் கேக்காமலே படுத்துடுவேன்.

நான் பாஸ். அதே அம்மாதான் போன்ல. என் குரல் ஞாபகம் இருந்திருக்கு. “வீட்டை மாத்திட்டியா தம்பி”ன்னு சிரிச்சாங்க. புது வருஷத்துக்கு என்ன சமைச்சீங்கன்னு கேட்டாங்க. பூசணி சூப்பு, அம்மா மாட்டெலும்பைக் கருக விட்டது, நான் அடிப்பானையைச் சுரண்டிக் குடிச்சதுன்னு சொல்லிக்கிட்டே போனேன். அவங்களே போதும்னு நிறுத்தினாங்க.

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கற சார்ஜென்ட் பெரால்தா பிறந்தது தொமினிக்கன் பக்கம். “உங்க ஆளுங்களை எங்க ஆளுங்க துரத்தறாங்க, நான் உன்னை உள்ள இழுக்கறேன், கடவுளுக்கு நல்ல வேடிக்கை”ன்னார். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்காது.

தாத்தாவைக் கட்டின கயிறு பத்தி அம்மாவுக்கு எழுதினீங்க. படிச்சேன். அழுதேன்னு வெச்சுக்குங்க. ஆனா மாமா, அவரைக் கட்டினவங்க எல்லாம் செத்துட்டாங்க. என் இடுப்புல இருக்கற கயிறு இப்போ இருக்கு. ஒன்றரை வருஷ நீளம். யாரோ ஒருத்தன் அதோட நுனியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான், அவன் முகம்கூட எனக்குத் தெரியாது.

போன்ல நீங்க சொன்னதை நான் ஏன் நம்பினேன் தெரியுமா? நீங்க எனக்குக் கெட்டது சொல்வீங்கன்னு யோசிக்கவே தோணலை. அதுக்குத்தான் கோபம். தோத்ததுக்கு இல்லை.

எல்லாம் கேட்டீங்க, எந்த நாடு, யார் பட்டாளம்னு. பயமா இருக்கான்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

கெர்வென்ஸ்


ஜாக்மெல்
பிப்ரவரி 21, 2016

கெர்வென்ஸுக்கு,

நலம். உன் நலம் அறிந்தேன்.

உன் கடிதம் கிடைத்ததும் பழக்கப்படி பென்சிலை எடுத்துப் பிழைகளைக் குறிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன். அந்த மொழியில் எது பிழை, எது சரி என்று எனக்குத் தெரியாது. பதிலை அதிலேயே எழுத முயன்றேன். நான் தினமும் மீன்காரியிடம் பேசும் மொழிதான். காகிதத்தில் அது என் கையெழுத்தாகத் தோன்றவில்லை. கிழித்துவிட்டேன். இதைப் பொறுத்துக்கொள்.

தேர்ச்சி பெற்றதற்கு வாழ்த்தமாட்டேன்.

உனக்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் நீதிபதியின் மணிக்கும் நாய்களுக்கும் பயந்தவன். பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. உன் குரலில் கேட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னேனோ என்றும் இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீ போனால் சுடச் சொல்வார்கள். யாரை என்று உன்னிடம் கேட்கமாட்டார்கள். இதற்கு மேல் எழுதினால் நான் கெஞ்சத் தொடங்கிவிடுவேன். அது உனக்கும் பிடிக்காது.

பனிக்காலத்தில் காதை மூடிக்கொள். மயாமியில் பனி இல்லை என்பது பிறகு நினைவு வந்தது. ஆனாலும் இனி உன்னை எங்கே அனுப்புவார்களோ.

எவ்ரார்


வட மயாமி
நவம்பர் 13, 2016

அண்ணா,

நான் சுகம். உங்க கூரைக்குத் தகரம் போட்டாச்சுன்னு மதாம் செசிலியா சொன்னாங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள ஓரத்தையும் அடைச்சுடுங்க.

நல்ல சேதி சொல்ல இதை எழுதலை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஏப்ரல்ல அவன் கையெழுத்துப் போட்டு, கையைத் தூக்கிச் சத்தியமும் பண்ணிட்டான். இன்னும் பயிற்சிக்குக் கூப்பிடலை. இந்தப் பாஷைச் சந்து செப்டம்பர் கடைசியில மூடிடுச்சு. புதுசா யாரையும் எடுக்கறதில்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவங்களை ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுத் துருவறாங்க. தேறினாத்தான் பயிற்சி. தேறாட்டி பட்டாளமும் இல்லை, குடியுரிமையும் இல்லை. தற்காலிக அனுமதியும் எத்தனை நாளைக்கோ. புது ஜனாதிபதி வரப்போறார். இங்க எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கறாங்க.

போன வாரம் அவனை ஒரு அதிகாரி நாலு மணி நேரம் கேட்டாராம். முக்காவாசியும் உங்களைப் பத்தித்தான். வெளிநாட்டுல நெருங்கின உறவு யாரு, எத்தனை தடவை பேசுவே, அவர் சொன்னா கேப்பியா, அவருக்கு இந்த நாட்டைப் பத்தி என்ன அபிப்பிராயம். போன மாசம் அங்க புயல் வந்த வாரம் இவன் உங்களுக்குத் தினமும் போன் பண்ணியிருக்கான் இல்லையா, அதையும் கேட்டிருக்கார். ஏன் இத்தனைன்னு. இவன், “மாமாவோட கூரை போயிடுச்சு”ன்னானாம். அவர் எழுதிக்கிட்டாராம்.

அந்த வாரம் நீங்க க்ரெயோல்ல பேசினீங்கன்னு சொன்னான். “டேய், கூரை போச்சுடா, வானம் தெரியுதுடா”ன்னு கத்தினீங்களாம். அதைச் சொல்லி ரெண்டு நாள் சிரிச்சான். நான் சண்டை எல்லாம் தீர்ந்துதுன்னு நினைச்சேன்.

ஜனவரியில மறுபடி கூப்பிடுவாங்க. அவன் பொய் சொல்லமாட்டான், அப்படி வளர்த்துட்டீங்க. அதனால சொல்றதுக்கு எதுவும் இல்லாம இருக்கணும். போன் எடுக்காதீங்க. எழுதாதீங்க. அவனே கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. அவனுக்கு ஏதாவது நல்லது பண்ணணும்னா, இல்லாதவர் மாதிரி இருங்க. உங்களுக்கு அது கஷ்டமா இருக்காது, ஒன்றரை வருஷமா அவனுக்கு எதிராத்தானே நின்னீங்க.

இதை எழுதாம மூணு நாள் தள்ளிப் போட்டேன். ஆனா எழுதிட்டேன்.

அவனுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

இவ்ரோஸ்


ஜாக்மெல்
டிசம்பர் 4, 2016

திருமதி இவ்ரோஸ் போலினிஸ் அவர்களுக்கு,

இக்கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உங்கள் மகன் கெர்வென்ஸிடம் முதலில் கொடுங்கள். கேட்பவர்களிடம் இதைக் காட்டினால், அவர் பொய் சொல்ல வேண்டியிராது. மொழிபெயர்ப்பவருக்குச் சிரமம் இல்லாதபடி சிறிய வாக்கியங்களில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகன் சிறுவயதில் என் வீட்டில் தங்கியிருந்தார். அது குடும்பக் கடமை. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

அவர் உங்கள் நாட்டுப் பட்டாளத்தில் சேர்வதை நான் எதிர்த்தேன். எழுத்தில் எதிர்த்தேன். பொய்யான அறிவுரை கூறியும் தடுக்க முயன்றேன். அவர் என் சொல்லைக் கேட்கவில்லை. ஆறு மாதம் உழைத்து எனக்கு எதிராகவே வென்றார். வெளிநாட்டு உறவினர் எவருடைய பேச்சுக்கும் அவர் வளையக்கூடியவர் அல்லர் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

புயல் வாரத்தில் அவர் என்னை அழைத்தது இரக்கத்தால். புயலில் சிக்கிய எந்தக் கிழவனையும் அவர் அழைத்திருப்பார்.

அவருடைய புகைப்படம் எதுவும் என் வீட்டில் இல்லை. அவர் பிறந்த நாள் எனக்கு நினைவில்லை. அவர் எதைச் சாப்பிடுவார், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், காய்ச்சலில் என்ன பிதற்றுவார் என்பவை எனக்குத் தெரியாது.

தொலைபேசியைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டேன். மதாம் செசிலியாவிடம் இனி எனக்குக் கடிதம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். குடும்பச் சண்டை என்றேன். சந்தையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யார் விசாரித்தாலும் அதையே சொல்வார்கள்.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

என் கடிதங்களின் முடிவில் உடல்நலம் விசாரிப்பது வழக்கம். இதில் விசாரிக்கவில்லை.

எவ்ரார் போலினிஸ்
நீதிமன்ற எழுத்தர் (ஓய்வு)